பழைய படத்து ரவிக்கையை வீட்டில் தைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிஸ்ஸியம்மாவில் (1955) சாவித்திரியையோ கல்யாண பரிசில் (1959) சரோஜாதேவியையோ பார்த்துவிட்டு, அந்த மாதிரி ஒரு ரவிக்கை தைத்துப் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் இப்போது நிறைய. ஆசைப்பட்டதும் பலர் நேராகக் கடைக்குப் போய் பளபளப்பான துணி, ஜரிகை லேஸ், முத்து பட்டன் என்று வாங்கிவிடுகிறார்கள். தைத்து முடித்துப் போட்டுப் பார்த்தால் மாறுவேடப் போட்டிக்குப் போகும் உடை போல இருக்கிறது. எங்கே தப்பு நடந்தது என்று புரிவதில்லை.

பழைய படத்து ரவிக்கையின் அழகு மூன்று இடங்களில்தான் இருக்கிறது: தோள், கை, துணி. அலங்காரம் அதற்கு அப்புறம். இந்த மூன்றும் சரியாக அமைந்துவிட்டால் ஒரு லேஸ்கூட இல்லாத சாதாரண வெள்ளை ரவிக்கையும் அந்தக் காலத்தைக் கொண்டுவந்துவிடும். இவை தப்பினால் எத்தனை மீட்டர் ஜரிகை வைத்தும் பயன் இல்லை.

முதல் தவறு, துணியைத் தொடுவதற்கு முன்பே நடக்கிறது. ‘பழைய படம்’ என்று மொத்தமாக ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். 1940களின் ரவிக்கை வேறு, 1960களின் ரவிக்கை வேறு. நாற்பதுகளில் கை பெரும்பாலும் முழங்கையை நெருங்கும், தளர்வாக இருக்கும், தோளில் புடைப்பு நன்றாகத் தெரியும். ஐம்பதுகளில் கை குட்டையாகிறது, புடைப்பு சின்னதாகிறது, உடம்புப் பகுதி ஒட்டி நிற்கத் தொடங்குகிறது. அறுபதுகளின் நடுவில் பலருக்குப் புடைப்பே இல்லை. ஒட்டிய குட்டைக் கை, சிலருக்குக் கையே இல்லாத ரவிக்கை, தலையில் மட்டும் உயர்ந்த கொண்டை. நாற்பதுகளின் கையை அறுபதுகளின் கொண்டையோடு சேர்த்தால் கண்ணுக்கு ஏதோ உறுத்தும். எந்தப் படம், எந்த வருஷம் என்று ஒன்றை முடிவு செய்துகொண்டு அதிலேயே நில்லுங்கள்.

அடுத்தது, ஒரே ஒரு புகைப்படத்தை வைத்துக்கொண்டு தைப்பது. ஸ்டுடியோவில் எடுத்த ஸ்டில்லில் நடிகை அசையாமல் நிற்கிறார். துணி மடிப்பெல்லாம் சரி செய்தபிறகுதான் எடுத்திருப்பார்கள். அதில் தையல் எங்கே ஓடுகிறது என்று தெரியாது. படத்தையே ஓட விட்டு, அவர் கையைத் தூக்கும் இடத்திலும் திரும்பி நடக்கும் இடத்திலும் நிறுத்திப் பாருங்கள். கை தூக்கும்போது ரவிக்கையின் கீழ் ஓரம் எவ்வளவு ஏறுகிறது? முதுகில் கழுத்து எவ்வளவு மேலே நிற்கிறது? சுருக்கு தோளின் உச்சியில் மட்டுமா, முன்பக்கம் வரை இறங்குகிறதா? பாட்டுக் காட்சிகள் இதற்கு மிக நல்லவை, ஏனென்றால் எல்லாப் பக்கமும் திரும்புவார்கள். இப்படிப் பார்க்கத் தொடங்கினால் படம் பார்ப்பதே வேறு சுகமாகிவிடும். டைட்டிலில் ‘உடைகள்’ என்று ஒரு வரியில் கடந்து போகிறவர்களின் கைவேலை எவ்வளவு நுட்பமானது என்று அப்போதுதான் தெரியும்.

சரி, துணிக்கு வருவோம். அந்தக் கால ரவிக்கைக்கு இன்றைக்கும் எளிதாகக் கிடைக்கிற சரியான துணி, பிளவுஸ் பீஸ் கடையில் கிடைக்கும் டூ பை டூ ரூபியாதான். மெல்லிய பருத்தி, ஆனால் விறைப்பு உண்டு. சுருக்கு பிடித்தால் நிற்கும். பாலியஸ்டர் சாட்டினில் சுருக்கு நிற்காது, வழிந்து தொங்கும். வெளிச்சம் பட்டால் ஒவ்வொரு மடிப்பும் மினுங்கும். சாவித்திரியின் வாழ்க்கையைச் சொல்லும் நடிகையர் திலகம் (தெலுங்கில் மகாநடி, 2018) படத்துக்கு ஆடை வடிவமைப்புக்கான தேசிய விருது கிடைத்தது. அதற்கான புடவைகளை ஜவுளி வடிவமைப்பாளர் கௌரங் ஷா கைத்தறியில் நெய்ய வைத்தார். காலத்தைக் கொண்டுவர அவர்கள் தொடங்கியது துணியிலிருந்து. நாம் நெய்ய வேண்டாம், சரியான துணியை எடுத்தால் போதும்.

ரூபியா சுருங்கும். இரவு முழுக்க வெறும் தண்ணீரில் ஊற வைத்து, நிழலில் காய வைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். அவசரத்தில் இதைத் தாண்டிப் போகிறவர்கள் முதல் சலவைக்குப் பிறகு கொக்கி மாட்ட முடியாமல் தவிப்பார்கள். அடர் சிவப்பு, மெரூன், கருநீலம் என்றால் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரில் நனைத்தால் சாயம் நின்றுவிடும் என்பதை நம்பி இருக்க வேண்டாம். பஃப் கைக்கு, அதாவது தோளில் புடைப்பு வைத்த கைக்கு, வழக்கமான 80 சென்டிமீட்டர் பீஸ் பற்றாது. ஒன்று அல்லது ஒன்றேகால் மீட்டர் வாங்குங்கள். முன்பக்கத்தைக் கிராஸ் கட்டிங்கில் வெட்டப் போகிறீர்கள் என்றால் கட்டாயம் கூடுதலாக வேண்டும். கிராஸ் என்றால் துணியின் இழைக்குச் சரியாக 45 டிகிரி சாய்வு. ‘கொஞ்சம் சாய்வாக’ வெட்டினால் ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு போகும், அதற்கு மருந்தே கிடையாது.

லைனிங் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. இன்றைய ரவிக்கையில் லைனிங், கப், கேன்வாஸ் எல்லாம் சேர்ந்து ரவிக்கையைத் தனியாக நிற்க வைக்கிறது. அந்தக் கால ரவிக்கை உடம்பின் மேல் ஒரு மெல்லிய அடுக்காக உட்காரும். ரூபியாவுக்கு லைனிங் கொடுத்தால் அந்த லேசுத்தன்மை போய்விடும். உள்ளே தெரியுமே என்று தயங்கினால், உடம்புப் பகுதிக்கு மட்டும் மல் துணி வையுங்கள். கைக்கு வைக்கவே வேண்டாம்.

உள்ளாடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐம்பது, அறுபதுகளின் படங்களில் தெரியும் கூர்மையான மார்பு வடிவம் ரவிக்கையால் வந்தது அல்ல, அந்தக் கால உள்ளாடையின் வடிவம் அது. இன்றைய உள்ளாடை உருண்டையான வடிவம் தருகிறது. அதன் மேல் பழைய ரவிக்கையின் டாட்டை, அதாவது மார்பு வடிவத்துக்காகக் கூர்மையாகப் பிடிக்கும் மடிப்புத் தையலை, அப்படியே பிடித்தால் நுனியில் துணி காலியாகக் குழிந்து நிற்கும். எந்த உள்ளாடையோடு போடப் போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டே அளவு எடுங்கள். டாட்டின் நுனி மார்பின் உச்சிக்கு முக்கால் அங்குலமோ ஓர் அங்குலமோ முன்னால் முடியட்டும்.

இப்போது பஃப் கை. இதில்தான் தவறுகள் குவிகின்றன, அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

பலரும் அளவு ரவிக்கையின் தோளை அப்படியே வைத்துக்கொண்டு கையை மட்டும் அகலமாக வெட்டுகிறார்கள். புடைப்பு தோளின் மேல் உட்காராமல், தோளைத் தாண்டி வெளியே தொங்கும். ஆளை அகலமாகக் காட்டும். பஃப் வைக்கும்போது தோள் அளவை இரண்டு பக்கமும் அரை அங்குலம் உள்ளே தள்ளிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் சுருக்கு தோள் எலும்பின் மேல் நின்று எழும்பும். இந்த ஒரு அரை அங்குலம்தான் சினிமா ரவிக்கையையும் பள்ளிச் சீருடையையும் பிரிக்கிறது.

அகலம் மட்டும் கூட்டினால் போதாது, உயரமும் கூட்ட வேண்டும். கையின் மேல் வளைவை ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை உயர்த்துங்கள். உயரம் இல்லாமல் அகலம் மட்டும் இருந்தால் சுருக்கு பக்கவாட்டில் விரியும், மேலே எழாது. தாளில் வெட்டிய கையை நடுவில் மூன்று நான்கு இடங்களில் கீறி, மேல்பக்கம் மட்டும் விசிறி போலப் பிரித்து, மொத்தம் மூன்று நான்கு அங்குலம் கூட்டினால் ஐம்பதுகளின் அடக்கமான பஃப் கிடைக்கும். அடியிலும் பிரித்தால் பலூன் கை. அது வேறு தோற்றம், அதையும் விரும்பித் தைக்கலாம், ஆனால் எது வேண்டும் என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

சுருக்கைக் கை முழுக்கச் சமமாகப் பரப்புவது இன்னொரு தவறு. அக்குள் பக்கம் சுருக்கு இருந்தால் உறுத்தும், வியர்க்கும், கை இறங்காது. தோள் தையலுக்கு இருபுறமும் இரண்டரை, மூன்று அங்குலத்துக்குள் சுருக்கு முடிந்துவிட வேண்டும். மெஷினில் தையல் நீளத்தை மிகப் பெரிதாக வைத்து, கால் அங்குல இடைவெளியில் இரண்டு வரிசை ஓட்டி, இரண்டு நூலையும் சேர்த்து இழுங்கள். ஒரே வரிசை போட்டால் சுருக்கு கொத்துக் கொத்தாக வரும்.

இவ்வளவு செய்தும் மாலைக்குள் பஃப் படுத்துவிடுகிறதா? உள்ளே தாங்கல் இல்லை என்று அர்த்தம். ஆர்கண்டி என்ற விறைப்பான மெல்லிய துணியில் ஆறேழு அங்குல நீளம், மூன்று அங்குல அகலத்தில் ஒரு பட்டை வெட்டி, நீளவாக்கில் இரண்டாக மடித்துச் சுருக்கு பிடித்து, தோள் தையலோடு சேர்த்து உள்பக்கம் தைத்துவிடுங்கள். வெளியே தெரியாது. கஞ்சியை மட்டும் நம்பினால் சென்னை வியர்வையில் ஒரு மணி நேரம்கூட நிற்காது.

கை பொருத்தும் வளைவை, அதாவது ஆர்ம்ஹோலை, இறுக்கமாக இருக்கிறது என்று கீழே இறக்கி வெட்டுவது மிகப் பரவலான பழக்கம். இறக்க இறக்கக் கையைத் தூக்குவது கடினமாகும். கையோடு ரவிக்கை மொத்தமும் மேலே ஏறும். பழைய படங்களில் ஆடும்போதும் ரவிக்கை இருந்த இடத்தில் இருப்பதற்கு முக்கியக் காரணம் அந்த வளைவு அக்குளை ஒட்டி உயரமாக இருப்பதுதான். அக்குளுக்கும் தையலுக்கும் நடுவே ஒரு விரல் போகும் இடம் போதும். இறுக்கம் தெரிந்தால் முன்பக்க வளைவைக் கொஞ்சம் குடைந்து கொடுங்கள், அடியைத் தொடாதீர்கள்.

இதையெல்லாம் நல்ல துணியில் முதல் தடவையே செய்து பார்ப்பது சரியல்ல. மலிவான காடாத் துணியில் ஒரு பக்கம் மட்டும், ஒரு கையோடு, பெரிய தையல் போட்டுப் பாருங்கள். அதைப் போட்டுக்கொண்டு தலை சீவுங்கள், அலமாரி மேல் தட்டை எட்டிப் பாருங்கள். திருத்தத்தைத் துணியின் மேலேயே பேனாவால் குறித்து, பிரித்து, அதையே அளவுத் தாளாக வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கால வெளிநாட்டு கவுன், ஸ்கர்ட் பேட்டர்ன்களை (அச்சிட்ட அளவுத் தாள்களை) எடுத்துத் தைக்கிறவர்கள் சைஸ் எண்ணைப் பார்க்காமல் அங்குலத்தைப் பாருங்கள். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க பேட்டர்னில் 14 என்றால் மார்பளவு 32 அங்குலம். 1960களின் கடைசியில் அதே 14 என்பது 36 அங்குலம்.

நிறத்தில் இரண்டு வகையாக ஏமாறுகிறோம். கருப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துப் பழகிய கண், அந்தக் காலமே சாம்பலும் மங்கலுமாக இருந்தது என்று நினைத்துவிடுகிறது. செட்டில் உடைகள் நல்ல நிறத்தில்தான் இருந்தன; திரையில் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரிகிறதா என்பதே அங்கே கணக்கு. வண்ணம் வேண்டுமென்றால் வண்ணப் படங்களைப் பாருங்கள்: கேவா கலரில் வந்த அலிபாபாவும் 40 திருடர்களும் (1956), ஈஸ்ட்மன் கலரில் வந்த காதலிக்க நேரமில்லை (1964). பின்னதில் காஞ்சனாவும் ராஜஸ்ரீயும் படித்த, நகரத்துப் பெண்களாக வருகிறார்கள். அறுபதுகளின் புது மோஸ்தரைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அங்கும் கவனம் வேண்டும். பழைய ஈஸ்ட்மன் கலர் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடும், அதனால் காட்சி முழுதும் இளஞ்சிவப்பாகத் தெரியும். அதைப் பார்த்து ‘அந்தக் கால ரோஸ்’ என்று துணி வாங்கிவிடாதீர்கள். 2012இல் மறுவெளியீடு கண்ட கர்ணன் (1964) போலச் சீரமைத்த பிரதி கிடைத்தால் அதை நம்பலாம். கருப்பு வெள்ளையாக எடுத்துப் பிறகு கணினியில் வண்ணம் பூசிய படங்கள் வேறு கதை. தெலுங்கு மாயாபஜார் (1957) 2010இல் அப்படி வந்தது. பார்க்க இனிமைதான், ஆனால் அதில் உள்ள நிறம் பின்னால் தேர்ந்தெடுத்தது.

பாட்டியின் பட்டுப் புடவையை வெட்டி ரவிக்கை தைக்கும் யோசனை பலருக்கு வருகிறது. நல்ல நிலையில் இருக்கும் புடவையில் கத்தரி வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். புடவையாகவே கட்டலாம், அதற்கு ஒரு ரூபியா ரவிக்கை போதும். கிழிந்துபோன புடவை என்றால் முதலில் வெளிச்சத்தில் பிடித்து மடிப்பு ஓடிய இடங்களைப் பாருங்கள். பல வருஷம் ஒரே மடிப்பில் இருந்த பட்டு அங்கேதான் விடும். இரண்டு கையாலும் மெல்ல இழுத்தால் இழை பிரிகிறதா? பிரிந்தால் உடம்புப் பகுதிக்கு உதவாது, கைப்பட்டைக்குக் கரையை மட்டும் எடுத்து, அடியில் பருத்தித் துணி கொடுத்துத் தைக்கலாம்.

பாவாடை தைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் வளரும் பெண்களுக்குப் பாவாடையின் கீழ்ப்பக்கம் டக், அதாவது சுற்றிலும் குறுக்கே ஒரு மடிப்பு, பிடித்துத் தைப்பார்கள். உயரம் கூடக் கூட ஒவ்வொன்றாகப் பிரித்து விடுவார்கள். லேஸுக்குப் பதில் இரண்டு டக் வைத்துப் பாருங்கள், கரைக்கு மேலே எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று.

கடைசியாக, உள்பக்கம். ஓரத்தை ஒட்ட வெட்டி ஓவர்லாக் அடித்துவிட்டால் பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் பிறகு பிரித்துவிட வழியில்லை. பக்கத் தையலில் ஓர் அங்குலமாவது உள்ளே துணி விடுங்கள். ரூபியாவுக்கு 11ஆம் எண் ஊசி, பருத்தித் துணிக்கு ஏற்ற மெல்லிய நூல். தடித்த நூல் தையலைச் சுருட்டும். ஒவ்வொரு தையல் முடிந்ததும் இஸ்திரி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். டாட்டுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்து அழுத்தினால் வளைவு அப்படியே படியும். செய்தித்தாளில் வெட்டிய அளவைத் தூக்கிப் போடாமல், யாருக்கு, எந்தப் படத்துக் கை, தோளில் எவ்வளவு குறைத்தீர்கள், உள்ளே எவ்வளவு துணி விட்டீர்கள் என்று அதிலேயே எழுதி மடித்து வையுங்கள்.