பனி கொட்டும் ஊரில் பழைய வீடு: இன்சூரன்ஸ் எடுப்பது எப்படி?

அமெரிக்காவிலோ கனடாவிலோ பனிப் பகுதியில் பழைய வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் ஏஜென்டுக்குத்தான் போன் போடுகிறார்கள். அவர் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு "தெரியாது" என்று சொன்னால் பிரீமியம் ஏறும். சில நிறுவனங்கள் விலையே சொல்லாது. அதனால் முதல் வேலை வீட்டுக்குள்தான்.

படி 1: வீட்டின் ஜாதகத்தை எழுதுங்கள்

நிறுவனங்கள் முக்கியமாகக் குடைவது கூரை, வயரிங், தண்ணீர்க் குழாய், ஹீட்டிங் ஆகிய நான்கையும்தான். வீடு கட்டிய ஆண்டோடு, இவற்றைக் கடைசியாக மாற்றிய ஆண்டையும் கேட்பார்கள்.

அட்டிக்கில், அதாவது கூரைக்கு அடியில் உள்ள பரணில், டார்ச் அடித்துப் பாருங்கள். மரச் சட்டங்களில் வெள்ளைப் பீங்கான் குமிழ்களும், அவற்றைப் பிடித்துத் தனித்தனியாக ஓடும் துணி சுற்றிய கம்பிகளும் தெரிந்தால், அது 1940-கள் வரை புழக்கத்தில் இருந்த 'நாப் அண்ட் டியூப்' வயரிங். மாற்றினால்தான் பாலிசி என்று பல நிறுவனங்கள் சொல்லிவிடும். 1960-களின் நடுவிலிருந்து 1970-களின் நடுவரை கட்டிய வீடு என்றால் அலுமினிய வயரிங் இருக்கிறதா என்று கேளுங்கள். எதையும் தொட வேண்டாம்; எலக்ட்ரீஷியனை வரவழைத்து, அவர் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் பேஸ்மென்ட். தண்ணீர் உள்ளே வரும் குழாயை நாணயத்தால் லேசாகச் சுரண்டுங்கள். செம்பு நிறம் வந்தால் செம்பு. சாம்பல் நிறக் குழாயில் காந்தம் ஒட்டினால் கால்வனைஸ்டு இரும்பு. அது உள்ளுக்குள் துருப்பிடித்து ஒருநாள் ஒழுகும். சுரண்டிய இடம் வெள்ளிபோல் பளபளத்து, காந்தமும் ஒட்டாவிட்டால் ஈயம். அதை இன்சூரன்ஸுக்காக இல்லாவிட்டாலும் குடிநீருக்காக மாற்றியாக வேண்டும்.

ஹீட்டிங் எண்ணெயில் ஓடுகிறதா? தொட்டியின் வயதைக் குறித்துக்கொள்ளுங்கள். மண்ணில் புதைத்த தொட்டி என்றால் வீட்டை வாங்கும் முன்பே யோசிப்பது நல்லது.

படி 2: எவ்வளவுக்கு எடுப்பது?

வாங்கிய விலைக்கு அல்ல, திரும்பக் கட்ட ஆகும் செலவுக்கு. மனையின் மதிப்பு இதில் வராது. ஆனால் பிளாஸ்டர் சுவரும் செதுக்கிய மரவேலையும் உள்ள வீட்டைத் திரும்பக் கட்டும் செலவு, சந்தை விலையையே தாண்டிவிடலாம். கூடவே 'ஆர்டினன்ஸ் ஆர் லா' கவரேஜ் எவ்வளவு என்று கேளுங்கள். பாதி எரிந்த வீட்டை இன்றைய கட்டட விதிப்படிதான் கட்டவிடுவார்கள். அந்தக் கூடுதல் செலவுக்கு இதுதான் கைகொடுக்கும்.

படி 3: கூரைக்குத் தேய்மானம் கழிப்பார்களா?

'ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட்' என்றால் புதுக்கூரைக்கான செலவு கிடைக்கும். 'ஆக்சுவல் கேஷ் வேல்யூ' என்றால் தேய்மானம் போக மீதிதான். 20 ஆண்டு ஆயுள் உள்ள கூரைக்கு 15 வயது ஆகிவிட்டது என்றால், கிட்டத்தட்ட கால் பங்குதான் தேறும். அதிலும் டிடக்டிபிள், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, கழியும்.

படி 4: பனிக்கான பகுதியை வரிவரியாகப் படியுங்கள்

வீட்டுச் சூடு அட்டிக் வழியாக ஏறிக் கூரைப் பனியை உருக்கும். அந்தத் தண்ணீர் கூரையின் குளிர்ந்த விளிம்புக்கு வந்ததும் மறுபடி உறைந்து அணை கட்டும். பின்னால் தேங்கும் நீர் ஷிங்கிளுக்கு (கூரை மேல் பதிக்கும் தகடு) அடியில் புகுந்து சீலிங்கை நனைக்கும். இதுதான் ஐஸ் டேம். பக்கத்து வீட்டுக் கூரையில் பனி அப்படியே இருக்க, உங்கள் கூரையில் மட்டும் சீக்கிரம் உருகுகிறதா? அட்டிக் இன்சுலேஷன் போதவில்லை என்று அர்த்தம்.

ஐஸ் டேமால் உள்ளே ஏற்படும் சேதத்தைப் பல பாலிசிகள் ஏற்கும். பனிக்கட்டியை உடைத்து அகற்றும் கூலியைப் பெரும்பாலும் ஏற்காது. பல நாளாகத் தண்ணீர் மெல்லக் கசிந்ததால் வந்த பூஞ்சைக்கும் பணம் எதிர்பார்க்காதீர்கள். பனி உருகித் தரைவழியாகப் பேஸ்மென்டில் புகுந்தால் அது வெள்ளக் கணக்கு. வழக்கமான பாலிசியில் வராது. சாக்கடை எதிர்த்து வருவதற்கும் தனியாகச் சேர்க்க வேண்டும். பழைய வீட்டில் இதை நான் விடவே மாட்டேன்.

படி 5: ஊருக்குப் போகும் முன்

ஹீட்டிங்கை அணைத்துவிட்டுப் போய், குழாய் உறைந்து வெடித்தால் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். சூடு ஓடட்டும், இல்லையென்றால் தண்ணீரை மூடிக் குழாய்களை வடித்துவிடுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆள் வந்து பார்க்க வேண்டும் என்று பாலிசியில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 6: ஒப்பிட்டு வாங்குங்கள்

ஒரே தொகை, ஒரே டிடக்டிபிள் சொல்லிக் குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள். கையெழுத்திட்டதும் கூரை, ஃபர்னஸ் (ஹீட்டிங் உலை), மின்சார பேனல், ஒவ்வொரு அறை என்று தேதியோடு படம் எடுத்து, வீட்டுக்கு வெளியே எங்காவது சேமித்துவையுங்கள்.