பழைய ஜிப்போ லைட்டர்: மேலே பார்க்காதீர்கள், கவிழ்த்துப் பாருங்கள்

போன வாரம் ஒரு தம்பி போனில் லைட்டர் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். "அண்ணே, வியட்நாம் போர்ல ஒரு சிப்பாய் வச்சிருந்தது. ஊர், வருஷம் எல்லாம் பொறிச்சிருக்கு. இருபதாயிரம் கேக்குறாங்க, வாங்கிடவா?"

"அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்க" என்றேன். அரை மணி நேரம் கழித்துப் படம் வந்தது. அதற்குள் முன்பணமும் கொடுத்துவிட்டாராம். முன்பு நானும் இப்படித்தான் பணத்தை விட்டேன்.

ஜிப்போ என்ற பெயரையே எழுத்துப் பிழையோடு போட்டிருக்கும் சாமான்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதெல்லாம் கண்ணாலேயே தெரிந்துவிடும். வாங்குபவர்கள் செய்யும் மற்றத் தவறுகளைத்தான் கீழே சொல்கிறேன்.

பொறித்த எழுத்தை நம்புவது

ஜார்ஜ் பிளைஸ்டெல் 1932-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து பிராட்ஃபோர்டு ஊரில் தொடங்கிய கம்பெனி ஜிப்போ. வியட்நாமுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் பலரிடம் அந்த லைட்டர் இருந்தது. உள்ளூர்ப் பொறிப்பாளர்களிடம் கொடுத்து ஊர்ப் பெயர், பணிசெய்த வருடம், ஒரு கிண்டல் வரி என்று பொறித்துக்கொண்டார்கள். சேகரிப்பவர்கள் காசு கொடுப்பது அந்தப் பொறிப்புக்குத்தான். அதனால் போலி செய்பவர்களும் கைவைப்பது அங்கேதான்.

வியட்நாமின் ஹோ சி மின் நகரில் பழைய ராணுவச் சாமான் விற்கும் ஒரு கடை. கையில் எடுத்த லைட்டரில் "டா நாங் 67-68" என்று இருந்தது. கீழே, நரகத்தில் ஏற்கெனவே இருந்தாயிற்று என்கிற தோரணையில் இரண்டு வரி. அவ்வளவுதான், மனம் சொக்கிவிட்டது. இருபது வயதுப் பையன் ஒருவன் மழையில் நனைந்தபடி அதைப் பற்றவைப்பதெல்லாம் கண்முன் ஓடியது. கேட்ட விலையில் பாதிக்குப் பேரம் பேசி முடித்தேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை, கடைக்காரரை ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வெளியே வந்தேனே, அதை நினைத்தால்தான் இன்றும் எரிச்சல் வருகிறது.

ஓட்டல் அறையில் கவிழ்த்துப் பார்த்தேன். ஜிப்போ என்ற பெயருக்கு இடப்பக்கம் மூன்று சாய்ந்த கோடுகள், வலப்பக்கமும் மூன்று. அப்படியென்றால் அது 1976-இல் செய்தது. அமெரிக்கப் படைகள் வியட்நாமை விட்டுப் போனது 1973 மார்ச்சில். கடைசிச் சிப்பாயும் ஊர் திரும்பி மூன்று வருடம் கழித்துத்தான் இந்த லைட்டரே பிறந்திருக்கிறது!

கணக்கு சுலபம். 1966 முதல் 1973 வரை நேர்க்கோடுகள். 1966-இல் பக்கத்துக்கு நான்கு, ஆக எட்டு; பிறகு அந்த மொத்தத்தில் வருடத்துக்கு ஒன்று குறையும். 1974 முதல் 1981 வரை மறுபடி எட்டிலிருந்து அதே கணக்கில் வலப்பக்கம் சாய்ந்த கோடுகள், 1982-இலிருந்து இடப்பக்கம் சாய்ந்தவை. 1986-இன் நடுவில் முறை மாறியது: ஒரு பக்கம் மாதத்துக்கான எழுத்து, மறுபக்கம் ரோமன் எண். இரண்டு என்றால் 1986, பிறகு வருடத்துக்கு ஒன்று கூடும். 2001 முதல் சாதாரண எண்.

அந்தத் தம்பியின் லைட்டரில் இருந்தது ரோமன் எண் ஒன்பது. 1993.

கோடு சரியாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. 1967-இன் வெற்று லைட்டரை வாங்கி, நேற்று பொறித்தும் விற்கலாம். பூதக்கண்ணாடியால் கீறல்களைப் பாருங்கள். பல வருடம் சட்டைப்பையில் கிடந்ததென்றால் எழுத்தின் ஓரமும் சேர்ந்தே தேய்ந்து மழுங்கியிருக்கும். பழைய கீறலை எழுத்து வெட்டிக்கொண்டு போனால், கீறல் முந்தியது, எழுத்து பிந்தியது. அப்புறம் என்ன, கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

காப்புரிமை எண்ணை வருடமாக்குவது

அடிப்பக்கத்தில் காப்புரிமை எண்ணும் இருக்கும். 2032695 என்ற எண்ணுள்ள காப்புரிமை கிடைத்தது 1936-இல். உடனே "இது 1936 லைட்டர்" என்று குதிக்கிறார்கள். அந்த எண்ணைப் பத்து வருடத்துக்கு மேல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அடுத்து வந்த 2517191-க்குக் காப்புரிமை கிடைத்தது 1950-இல். போர்க்கால லைட்டர்கள் சிலவற்றில் ஓர் எண் விடுபட்டு 203695 என்று இருக்கும். அதைப் போலி என்று ஒதுக்கியவரையும் எனக்குத் தெரியும், பாவம்.

உள்கூட்டை மட்டும் பார்ப்பது

திரியும் கல்லும் இருக்கும் உள்கூடு கழன்று வரும், யாரும் மாற்றலாம். கம்பெனியே இலவசமாகப் பழுது பார்த்துத் தந்தபோதும் மாறியிருக்கும். உள்கூட்டின் வருடம் வெளிக்கூட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால் போலி என்று அர்த்தமில்லை. ஆனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

தேய்த்துப் பளபளப்பாக்குவது

கூடாது. இரண்டாம் உலகப் போரில் பித்தளை கிடைக்காமல் எஃகில் செய்து, மேலே சொரசொரப்பான கறுப்புப் பூச்சு கொடுத்தார்கள். அழுக்கு என்று நினைத்து அதைச் சுரண்டினால் விலையையும் சேர்த்தே சுரண்டுகிறீர்கள்.

கேட்கும் விலையை மதிப்பாக எடுத்துக்கொள்வது

யாரும் எவ்வளவும் கேட்கலாம். ஏலத்தில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள்.

எரிகிறதா என்று பார்த்து விலை சொல்வது

எரியாவிட்டால் கல்லும் திரியும் மாற்றிக்கொள்ளலாம். கீல் ஆடுகிறதா, மூடி சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள். என் 1976 லைட்டர் நன்றாகவே எரிகிறது. மழைக்காலத்தில் தீப்பெட்டி நமத்துப்போனால் வீட்டில் விளக்கேற்ற அதைத்தான் தேடுவார்கள்.