கோப்பின் நேரமும் ஐந்தரை மணி நேரப் பிழையும்

காட்பாடியில் என்னிடம் லினக்ஸ் கற்க வரும் இளைஞர்கள், கோப்புகளின் நேரத்தைக் கையாள்வதில் ஒரு காலத்தில் நான் செய்த அதே பிழைகளைச் செய்வதைக் காணும்போது மனம் பொறுப்பதில்லை. கணினிக் கடிகாரத்தைச் சரியாக வைக்காதது போன்ற வெளிப்படையான தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

நகலெடுக்கும்போது நேரத்தை இழத்தல்

கோப்பை நகலெடுக்கும் சிபி (cp) கட்டளையுடன் மைனஸ் பி (-p) சேர்க்கவும். இல்லையேல் கோப்பின் பழைய நேரம் போய், நகலெடுத்த நேரம் பதிவாகும்.

பென் டிரைவின் நேரத்தை வைத்துப் புதியது எதுவெனத் தீர்மானித்தல்

வட்டில் கோப்புகளைப் பதியும் முறைகளான விண்டோஸின் என்டிஎஃப்எஸ் (NTFS), லினக்ஸின் இஎக்ஸ்டி4 (ext4) இரண்டும் கோப்பின் நேரத்தை யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் பதிகின்றன. பென் டிரைவுகளில் இன்றும் காணப்படும் ஃபேட்32 (FAT32) முறை அப்படியன்று. உள்ளூர்க் கடிகாரம் காட்டும் நேரத்தை, அது எந்த நேர மண்டலத்தைச் சேர்ந்தது என்ற குறிப்பே இல்லாமல் எழுதிவைக்கிறது.

ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் இதை அறியாமல் பட்டேன். ஆம்பூர்க் கிளையில் மாலை 4:10க்கு விண்டோஸில் சேமித்த பேக்கிங் பட்டியல் பென் டிரைவில் வந்தது. அதே பட்டியலின் அலுவலகச் சர்வர் பிரதியைக் கணக்கர் 6 மணிக்குத் திருத்தியிருந்தார். சர்வரின் நேர மண்டலம் யுடிசியாக இருந்ததால், லினக்ஸ் பென் டிரைவின் 4:10ஐயும் யுடிசி என்றே எடுத்துக்கொண்டது. நம் நேரப்படி அது இரவு 9:40. 'புதியதாக இருந்தால் மட்டும் எடு' என்று 7 மணிக்கு நான் ஓட்டிய, இரண்டு இடங்களின் கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் (rsync) கட்டளை, பழைய பட்டியலைத் திருத்திய பட்டியலின் மேல் எழுதிவிட்டது. முந்தைய பிரதியை நான் எடுத்துவைக்கவில்லை. கணக்கர் இரவெல்லாம் கிடங்கில் நின்று பெட்டிகளை மீண்டும் எண்ணினார்.

சர்வர் திரையில் பென் டிரைவுக் கோப்பு 16:10 என்றும், 6 மணித் திருத்தம் 12:30 என்றும் தெரிந்தன. முதல் எண் நம் கடிகாரத்தோடு பொருந்தியதால் அதைச் சரியென்று நம்பி, இரண்டாவதைப் பாராமல் கடந்தது இன்றும் உறுத்துகிறது. சென்ற மாதம் மாணவர் ஒருவர் அதே அமைப்பில் அதே கட்டளையைத் தட்டியபோது கையைப் பிடித்துத் தடுத்தேன்.

அத்தகைய சர்வரில் ஃபேட் வட்டை மவுன்ட் செய்கையில், அதாவது கணினியோடு இணைக்கையில், டைம்_ஆஃப்செட் (time_offset) என்ற தேர்வுக்கு 330 நிமிடம், அதாவது ஐந்தரை மணி நேரம், என்று கொடுக்க வேண்டும். அதன் பிறகும், இருபுறமும் திருத்தப்படும் கோப்புகளில் நேரத்தை மட்டும் நம்பாமல், உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்ணான செக்சம் வேறுபட்டால் இரண்டு பிரதிகளையும் வைத்துக்கொண்டு மனிதர் ஒருவர் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

சிடைம்

கோப்போடு பதியப்படும் நேரங்களில் ஒன்று சிடைம் (ctime). லினக்ஸில் இது கோப்பை உருவாக்கிய நேரமன்று. கோப்பின் அனுமதியை மாற்றினாலும் மாறும்.

இரண்டு நொடி வேறுபாடு

ஃபேட், திருத்த நேரத்தை 2 நொடித் துல்லியத்தில்தான் பதிகிறது. எத்தனை நொடி வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லும் மாடிஃபை-விண்டோ (--modify-window) தேர்வை ஆர்சிங்கில் 1 என வைக்காவிட்டால், மாறாத கோப்புகளும் மீண்டும் நகலாகும்.