ஊட்டியில் திணறிய டூ ஸ்ட்ரோக்

கோவையில் ஒழுங்காக ஓடிய என் பழைய 125 சிசி டூ ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டி, ஊட்டிக்கு ஏற்றிக்கொண்டு போனதும் முழு த்ராட்டிலில் பொடபொடவென்று திணறியது. சைலன்சர் வாயில் கறுப்பு எண்ணெய் வழிசல். பிளக்கைக் கழற்றினால் ஈரக் கரி. புது பிளக்கும் அதே கதிதான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்று மெலிசு, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளைத் திருகான ஜெட்டோ பழைய அளவு பெட்ரோலையே விடுகிறது.

கார்புரேட்டரின் அடிமூடியைத் திறந்து முழு த்ராட்டிலுக்கான 170 எண் மெயின் ஜெட்டை எடுத்துவிட்டு, துளை சிறிய 162 போட்டேன். மேல் வேகத் திணறல் போயிற்று. பாதி த்ராட்டிலில் மட்டும் கொஞ்சம் மந்தம். அது நீடில் என்ற கூம்பு ஊசி பார்த்துக்கொள்ளும் இடம். அதைத் தாங்கும் கிளிப்பை ஊசியில் ஒரு பள்ளம் மேலே மாட்டினேன். நீடில் இறங்கி, பெட்ரோல் குறைந்தது. ஐடிலுக்கு, காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூ கால் சுற்று வெளியே, அவ்வளவுதான்.

அப்புறம் பிளக் சோதனை. முழு த்ராட்டிலில் விரட்டி, கிளட்ச்சைப் பிடித்த கையோடு கில் சுவிட்சை அழுத்த வேண்டும். மெதுவாக உருட்டி வந்து நிறுத்தினால் நிறம் ஏமாற்றிவிடும். இந்த முறை பிளக்கின் பீங்கானில் பால் டீ நிறம், அளவு சரி. வெளுத்திருந்தால்தான் பயம், பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம்.

கோவைக்குத் திரும்பியதும், கிக்கரில் கால் வைக்கும் முன்பே 170ஐப் போட்டு, கிளிப்பையும் ஏர் ஸ்க்ரூவையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். 162ஐ வைத்துக்கொண்டு காற்று அடர்ந்த கீழே விரட்டினால், பெட்ரோல் போதாமல் சூடேறி பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும்.