மண்டிக் கடையின் பழைய ஃபாக்ஸ்புரோ கணக்கைப் புதுசுக்கு மாற்றுவது எப்படி

விருதுநகர் பக்கம் பருப்பு, மல்லி, வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் கடைகளில் கறுப்புத் திரையில் ஓடும் பில்லிங் புரோகிராமை இன்னும் பார்க்கலாம். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தில் ஓடும் ஃபாக்ஸ்புரோ 2.6 என்ற தரவுத்தள மென்பொருளில் எப்போதோ யாரோ எழுதிக்கொடுத்தது. எழுதியவர் ஊரைவிட்டே போயிருப்பார், கடை மட்டும் அதை நம்பி ஓடிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட கடைகளின் கணக்கைப் புதிய மென்பொருளுக்கு மாற்றிக்கொடுப்பதுதான் பதினெட்டு வருடமாக என் வேலை. கடையைக் கையில் எடுத்திருக்கும் அடுத்த தலைமுறைக்காகவும், இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நன்றாக ஓடுவதை ஏன் மாற்ற வேண்டும் என்று முதலாளி கேட்பார். நியாயமான கேள்வி. ஃபாக்ஸ்புரோவுக்குப் பின் வந்த விஷுவல் ஃபாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்பே 2004-இல் வந்தது, அதற்கான ஆதரவு 2015 ஜனவரியோடு முடிந்தது. டாஸ் புரோகிராம் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. அதனால் கடையின் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டால், அன்றைக்கே பில் போட முடியாது. அப்புறம் ஜிஎஸ்டி. வருடத்துக்கு 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கடைகள் பிற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ், அதாவது அரசுத் தளத்தில் பதிவு செய்த மின்னணு பில், எடுத்தாக வேண்டும். கறுப்புத் திரையில் போட்ட பில்லை இதற்காக இன்னொருவர் உட்கார்ந்து மறுபடி தட்டிக்கொண்டிருப்பதைப் பல கடைகளில் பார்த்திருக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். ராத்திரி கடை அடைத்து, எல்லாரும் புரோகிராமை விட்டு வெளியே வந்த பிறகு, அந்த ஃபோல்டரை அப்படியே இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று முதலாளி வீட்டுக்கு, இன்னொன்று உங்களுக்கு. கணக்குத் தரவு இருக்கும் டிபிஎஃப் (.dbf) கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு எஃப்பிடி (.fpt) கோப்புகளை விட்டுவிடாதீர்கள், நீளமான குறிப்புகள் அதில்தான் இருக்கும். புரோகிராமை எழுதிய மூல நிரல் இல்லை, ஓட்டுவதற்கான எக்ஸ்இ (.exe) கோப்பு மட்டும்தான் இருக்கிறது என்றாலும் பயம் வேண்டாம். டிபிஎஃப் பூட்டில்லாத பெட்டி. லிப்ரே ஆபீஸ் கால்க்கில்கூடத் திறக்கும். திறப்பது எப்போதும் பிரதியாக இருக்கட்டும்.

அடுத்து, கணக்குப்பிள்ளைக்குப் பக்கத்தில் இரண்டு நாள் உட்காருங்கள். நான் பார்த்ததில் அவசரக்காரர்கள் தவறவிடுவது இந்த இரண்டு நாளைத்தான். ஒரு கடையில் சில பார்ட்டிகளின் பெயருக்கு முன்னால் இசட் இசட் என்று இரண்டு எழுத்து இருந்தது. குப்பை என்று நினைத்துத் துடைக்கப் போனேன். கணக்குப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, இவங்களுக்குக் கடன் கிடையாது. ரொக்கம் கொடுத்தாத்தான் சரக்கு. பட்டியல்ல கடைசிக்குப் போகட்டும்னு நான் போட்டது.” அந்த ஏற்பாடு நிரலில் எங்கும் கிடையாது, அவர் தலையில்தான் இருந்தது. புதிய மென்பொருளில் அதைக் கடன் வரம்பு பூஜ்யம் என்று வைத்தோம். மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும் துண்டுச் சீட்டுகளையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி தரவு. ஃபாக்ஸ்புரோவில் ஒரு வரியை, அதாவது ஒரு பதிவை, அழித்தால் அது போய்விடாது. வரியின் முதல் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். அழித்தவற்றை நிஜமாகவே நீக்கும் பேக் (PACK) கட்டளை கொடுக்கும்வரை வரி அங்கேயே கிடக்கும். சில மாற்றும் கருவிகள் அந்தக் குறியைப் பார்க்காமல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்துவிடும். ஆரம்ப காலத்தில் ஒரு கடையில் இதைக் கவனிக்காமல் விட்டேன். ரத்தான பில்லெல்லாம் உயிரோடு வந்து, பல வருடப் பழக்கமுள்ள ஒரு வியாபாரிக்கு இல்லாத பாக்கியைக் காட்டி முதலாளி போன் செய்துவிட்டார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து நட்சத்திரம் விழுந்த வரிகளைத் தனிக் கோப்பில் ஒதுக்கி, கணக்குப்பிள்ளையிடம் காட்டிய பிறகுதான் அடுத்த வேலை.

தேதியையும் பாருங்கள். வருடத்துக்கு இரண்டு இலக்கம் மட்டும் கேட்ட புரோகிராமாக இருந்தால், 2000 ஏப்ரலில் போட்ட பில் 1900 ஏப்ரல் என்று பதிவாகியிருக்கும்.

தமிழ்ப் பெயர்கள் இருந்தால் அதற்கென்று தனியாக நாள் ஒதுக்குங்கள். பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் எழுத்து சேமிக்கப்படும். ‘பெ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு ப. இன்றைய பொதுக் குறியேற்றமான யூனிகோடில் முதலில் ப, பிறகு கொம்பு. குறிக்குக் குறி மாற்றினால் பெருமாள் ‘ெபருமாள்’ ஆகிவிடுவார். ‘கொ’ இன்னும் சிக்கல். அங்கே கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு, இங்கே க-வும் ஒரே உயிர்க்குறியும். டாம் (TAM), டாப் (TAB), டிஸ்கி (TSCII) என்ற பழைய தமிழ்க் குறியேற்றங்களில் எது என்பதை முதலில் கண்டுபிடித்துவிட்டு, கொம்பை இடம் மாற்றும் மாற்றியைப் பயன்படுத்துங்கள். அகரவரிசையும் தவறும். யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்தே உட்கார்ந்திருப்பதால், வெறும் எண் வரிசையில் அடுக்கினால் கனகராஜ் கபாலிக்கு முன்னால் வந்துவிடுவார். தரவுத்தளத்தில் தமிழ் வரிசை முறையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

புள்ளி அச்சுப்பொறியைத் தூக்கி எறியச் சொல்லாதீர்கள். கார்பன் வைத்து மூன்று பிரதி அதில்தான் வரும். புதிய மென்பொருள் பில்லைப் படமாக அனுப்பினால் அது இழுத்து இழுத்து அடிக்கும், லோடு ஏற்றுகிறவர் வாசலில் நிற்பார். எடைச் சீட்டை ஆங்கில எழுத்தில் வெறும் உரையாக அனுப்புங்கள். பழைய வேகம் அப்படியே கிடைக்கும்.

மாற்றும் தேதிக்கு ஏப்ரல் 1 வசதி. ஆரம்ப இருப்பைப் போட்டுத் தொடங்கலாம். ஆனால் முதல் ஒரு மாதம் இரண்டும் ஓடட்டும். பில் அச்சடிப்பது புதியதில் மட்டும்தான், பழையதில் பதிவு மட்டும். இது இரட்டை வேலை, அதற்கு முதலாளி ஒரு ஆளைக் கூடுதலாகப் போட வேண்டும் என்று முன்பே பேசிவிடுங்கள். தினமும் கல்லா எண்ணும் நேரத்தில் நான்கு எண்களை ஒப்பிடுங்கள்: மொத்த விற்பனை, வரி, பார்ட்டி பாக்கி, சரக்கு மூட்டை. ஒரு ரூபாய் இடித்தாலும் காரணம் தெரியாமல் விடாதீர்கள். பெரும்பாலும் ஜிஎஸ்டித் தொகையை ஒவ்வொரு சரக்குக்கும் தனியாக ரவுண்டு செய்வதா, பில் அடியில் மொத்தமாக ரவுண்டு செய்வதா என்ற வித்தியாசமாக இருக்கும். அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்குப் படிவத்தைப் போட வேண்டும், அதற்குள் இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று கெடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒத்துப்போன பிறகும் பழையதை அழிக்க வேண்டாம். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகள் இருக்க வேண்டும். புதிய கணினியில் டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளைப் போட்டு, பழைய ஃபோல்டரின் பிரதியை அதில் வையுங்கள், பழைய பில்லைத் தேடிப் பார்க்க மட்டும். எப்படித் திறப்பது என்பதை ஒரு தாளில் எழுதிக் கணக்குப்பிள்ளையின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு வாருங்கள்.