இன்புட்டா, அவுட்புட்டா? பார்த்ததும் கண்டுபிடிப்பது எப்படி

தகவல் எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பாருங்கள். நம்மிடமிருந்து கம்ப்யூட்டருக்குள் போனால் உள்ளீடு (இன்புட்), அங்கிருந்து நம்மிடம் வந்தால் வெளியீடு (அவுட்புட்). கீபோர்டு, மவுஸ், மைக், வெப்கேம், கடையில் பார்கோடு படிக்கும் கருவி எல்லாம் முதல் வகை. மானிட்டர், ஸ்பீக்கர், பிரிண்டர் இரண்டாவது.

சரி, டச் ஸ்கிரீன்? இரண்டும்தான். விரல் படும் இடத்தை உணரும் அடுக்கு உள்ளீடு, படம் காட்டும் திரை வெளியீடு. ஸ்கேனரோடு வரும் பிரிண்டரும் அப்படியே. பென் டிரைவை இந்தக் கணக்கில் இழுக்காதீர்கள், அது சேமிப்புக் கருவி.

இது பரீட்சைக்கு மட்டும் உதவும் விஷயம் இல்லை. ஹெட்செட் மாட்டியும் மீட்டிங்கில் உங்கள் குரல் யாருக்கும் கேட்கவில்லையா? விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போனால் அவுட்புட், இன்புட் இரண்டும் தனித்தனியாக இருக்கும். அவுட்புட்டில் ஹெட்செட்டும் இன்புட்டில் லேப்டாப்பின் சொந்த மைக்கும் தேர்வாகி இருக்கலாம், இரண்டையும் ஹெட்செட்டுக்கு மாற்றுங்கள். பழைய டெஸ்க்டாப் என்றால் பின்பக்கத் துளைகளின் நிறத்தைப் பாருங்கள்: பெரும்பாலும் இளஞ்சிவப்பு மைக்குக்கு, பச்சை ஸ்பீக்கருக்கு.

அப்புறம், டிவி, மானிட்டர் ஒயரை மாட்டும் லேப்டாப்பின் எச்டிஎம்ஐ துளை பொதுவாக வெளியே அனுப்ப மட்டும்தான். செட்டாப் பாக்ஸ் ஒயரை அதில் செருகி எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படம் வராது. அதற்குக் கேப்சர் கார்டு என்று தனியாக ஒரு கருவி வாங்க வேண்டும்.