குரலால் கணினியை ஓட்டுகிறீர்களா? நான் தின்ற மண்ணை நீங்களும் தின்ன வேண்டாம்

மணிக்கட்டு வலியால் மவுஸைத் தொட முடியாமல் போனதிலிருந்து, விண்டோஸ் 11-இல் உள்ள வாய்ஸ் ஆக்ஸஸை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பது என் வேலை. போன மாதம் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இதைப் பழக்கிவிட்டேன். என் பழைய கூத்து அத்தனையையும் இரண்டே நாளில் அரங்கேற்றிவிட்டாள். நல்ல மைக் வாங்குங்கள், ஃபேனைக் குறையுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள், விட்டுவிடுகிறேன்.

சொல் சொல்லாகத் துப்புவது

1997-இல் டிராகன் நேச்சுரலிஸ்பீக்கிங் வருவதற்கு முன்பு இருந்த டிராகன்டிக்டேட் என்ற, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளுக்கு அப்படித்தான் பேச வேண்டியிருந்தது, ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டு. இப்போது முன்பின் சொற்களை வைத்துத்தான் கணினி யூகிக்கிறது. ஒரே மூச்சில் பேசுங்கள்.

அமெரிக்கக்காரர் மாதிரி நாக்கைச் சுழற்றுவது

மொழிப் பட்டியலில் இந்திய ஆங்கிலம் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுங்கள்.

மைக்கைத் தூங்க வைக்காமல் அடுத்தவரிடம் பேசுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வாடிக்கையாளருக்கு விலை சொல்லி மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். பழைய மெயிலை நகலெடுத்ததால் சொல்லுக்கு 1 ரூபாய் என்றே இருந்தது; 2 ஆக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தம்பி போன் பண்ணினான். ஏதோ விண்ணப்பத்தை அனுப்பத் தெரியவில்லையாம். “டேய், அது இல்லடா” என்றேன். திரையை நான் பார்க்கவில்லை. அவனுக்குப் புரியவில்லை; எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு நொடி நிறுத்தி, அழுத்தந்திருத்தமாகச் சொன்னேன்: “கிளிக் சென்ட்.”

அவன் கிளிக் பண்ணினானோ என்னவோ, என் கணினி பண்ணிவிட்டது.

போய்ச் சேர்ந்த மெயிலின் கடைசி வரி: ‘டை அதர் லேடர்’. “டேய், அது இல்லடா”வை ஆங்கிலக் காது அப்படித்தான் கேட்டிருக்கிறது. வாடிக்கையாளர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்தே நிமிடத்தில் “விலை சம்மதம்” என்று பதில் போட்டார். 18,000 சொல். பாதிக் கூலிக்கு உட்கார்ந்து முடித்துக் கொடுத்தேன். தம்பியின் விண்ணப்பமும் அன்று போகவில்லை என்பது தனிக்கதை.

இதில் கணினியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வழக்கமான நிலையில் அது எழுத வேண்டியதையும் செய்ய வேண்டியதையும் சேர்த்தே கேட்கும். இடைவெளி விட்டுத் தனியாகச் சொன்னதைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டது. கட்டளையை மட்டும் கேட்கும் ‘கமாண்ட் மோட்’ வைத்திருந்தால் ‘லேடர்’ விழுந்திருக்காது, மெயில் போயிருக்கும். சில புதுக் கணினிகளில் “கேன் யூ ஓப்பன் எட்ஜ்” என்று ஆளிடம் கேட்பதுபோல் கேட்டாலே திறந்துவிடுகிறது. நல்ல வசதிதான், ஆனால் வீட்டுப் பேச்சும் கட்டளையாக மாட்டிக்கொள்ள அங்கே இடம் அதிகம்.

போன் மணி அடித்தால் எடுப்பதற்கு முன்பே “வாய்ஸ் ஆக்ஸஸ் ஸ்லீப்”. யாராவது அறைக்குள் வந்தாலும் அதேதான். திரும்ப “வாய்ஸ் ஆக்ஸஸ் வேக் அப்” என்று எழுப்பும்வரை வீட்டுப் பேச்சுக்கு அசையாது. மேக்கின் வாய்ஸ் கண்ட்ரோலில் “கோ டு ஸ்லீப்”, “வேக் அப்”. கூடவே ஜிமெயில் அமைப்பில், அனுப்பிய மெயிலைத் திரும்ப இழுக்கும் ‘அன்டூ சென்ட்’ நேரத்தை 30 நொடியாக்குங்கள். எனக்கு அப்போது 5 நொடிதான் இருந்தது. அந்த 5 நொடியும் தம்பியைத் திட்டுவதில் போயிற்று.

தப்பாக விழுந்ததைக் கோபத்தோடு திருத்துவது

2006 ஜூலையில் விண்டோஸ் விஸ்டாவின் பேச்சறிதலை மைக்ரோசாஃப்ட் மேடையில் காட்டியபோது, “டியர் மாம்” என்றதை அது ‘டியர் ஆன்ட்’ என்று அடித்தது. சரிசெய்யச் சொன்ன “டெலீட்”, “செலக்ட் ஆல்” எல்லாம் கடிதத்துக்குள்ளேயே சொற்களாக விழுந்தன. அரங்கமே சிரித்தது. அதே சொல்லை மூன்றாவது தடவை உரக்கச் சொல்லாதீர்கள். “கரெக்ட் தட்” சொன்னால் மாற்றுச் சொற்கள் வரும், எண்ணைச் சொல்லி எடுத்துக்கொள்ளலாம்.

பொத்தானின் பெயர் தெரியாமல் திணறுவது

“ஷோ நம்பர்ஸ்” என்றால் திரையில் இருக்கும் பொத்தான்களின் மேல் எண்கள் வரும். வேண்டிய எண்ணைச் சொல்லி அழுத்தலாம்.

நாள் முழுக்கப் பேசுவது

மணிக்கட்டைக் காப்பாற்றப் போய்த் தொண்டையைக் கெடுத்துக்கொண்டேன். பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர் வையுங்கள். கீபோர்டுக்கு எட்டாத இடத்தில்.